டிராக்கில் ஓட்ட டொயோட்டா 86ஐத் தயார்செய்வது: பிரேக், டயர், ரிம், ஷொக் என்ற வரிசையில்

கட்டுகுருந்த டிராக்கிலோ பன்னல டிராக்கிலோ காரை ஒருதரம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும், அதற்கு என்ன மாற்றலாம் என்று கேட்கிற தம்பிமார் அநேகமாக முதலில் அனுப்புவது ஒரு பெரிய சிவப்புக் கலிப்பரின் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பகுதி) படம். அடுத்தது ஒரு கொயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் ஷொக்கும்) செட்டின் விலை. பதினெட்டு அங்குல ரிம் ஏற்கெனவே வாங்கியாயிற்று. பிரேக் ஒயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. நான் அந்த ஒயிலிலிருந்துதான் தொடங்கப் போகிறேன், ஏனென்றால் டிராக்கில் பெரும்பாலும் முதலில் கைவிடுவது அதுதான், செலவும் அதற்குத்தான் மிகக் குறைவு.

உதாரணத்துக்கு டொயோட்டா 86ஐ எடுத்துக்கொள்கிறேன். சுபாரு பிஆர்இஸட் என்றாலும் இதேதான். சிவிக், ஸ்விஃப்ட் ஸ்போர்ட், எவோ வைத்திருப்பவர்களுக்கு அளவுகள் மாறும், செய்ய வேண்டிய வரிசை மாறாது. எஞ்சின் பக்கம் இதில் போகப்போவதில்லை. குதிரைவலு கூட்டுவதற்கு முன் கார் ஒழுங்காக நிற்கவும் திரும்பவும் வேண்டும்.

முதலில் தேய்ந்ததைப் புதிதாக்குங்கள்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் இங்கே இருந்த கார்கள் எல்லாம் கைமாறிக் கைமாறி வயது போய்விட்டன. 86 வெளிவந்தது 2012ல். முதல் வருடங்களில் வந்த கார் என்றால் அதன் கீழ் ஆர்ம் புஷ் (சில்லைத் தாங்கும் ஆர்மின் மூட்டு றப்பர்), ஷொக்கின் மேல் மவுண்ட், பம்ப் ஸ்டொப் (ஷொக் முழுக்க அமுங்கி இடிக்காமல் தாங்கும் றப்பர்), பிரேக் ஹோஸ் என்று றப்பரில் செய்த எல்லாமே பத்து வருடம் தாண்டிவிட்டன, அதுவும் கொழும்பு வெயிலிலும் கடற்காற்றிலும். வெடித்த புஷ்ஷின் மேல் புதுக் கொயிலோவரைப் பூட்டினால் காசு போனதுதான் மிச்சம். பிரேக் பிடிக்கும்போது சில்லு தன் பாட்டுக்குப் பின்னுக்கு நகரும், அலைன்மென்ட் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், கார் ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது என்று தெரியாமல் நீங்கள் ஷொக்கின் திருகைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் முதல் நாள் வேலை இது. காரை நான்கு ஸ்டாண்டில் உயர்த்தி வையுங்கள் (ஜெக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள்). ஒவ்வொரு சில்லையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் பெயாரிங் அல்லது போல் ஜொயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஸ்டியரிங் டை ரொட் தெரியும். புஷ்களை லீவரால் நெம்பி வெடிப்புத் தேடுங்கள். ஷொக்கில் ஒயில் ஈரம், தூளாகிப்போன பம்ப் ஸ்டொப், வெடித்த பிரேக் ஹோஸ், இறுகிப்போன கலிப்பர் பின் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் தடிப்பை அளக்க வேண்டும். குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், துருவைக் கொஞ்சம் துடைத்தால் தெரியும். அந்த அளவை நெருங்கிய டிஸ்க் வீதிக்குப் போதலாம், டிராக்குக்குப் போதாது, வெப்பத்தை வாங்கிக்கொள்ள அதில் இரும்பு மீதம் இல்லை.

புஷ் மாற்றும்போது ஒரு விஷயத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நம் கராஜ்களில் நல்ல மெக்கானிக் பாஸ்மார்கூட இதைத் தவறவிடுகிறார்கள். கார் அந்தரத்தில் இருக்க, ஆர்ம் தொங்கிக்கொண்டிருக்க, புஷ் போல்ட்டை இறுக்கிவிடக் கூடாது. அப்படி இறுக்கினால் கார் நிலத்தில் நிற்கும் நேரமெல்லாம் றப்பர் முறுகியே இருக்கும், சில மாதத்தில் கிழியும். போல்ட்டைக் கையால் பூட்டி, ஆர்மின் கீழே ஜெக் கொடுத்து, கார் சாதாரணமாக நிற்கும் உயரத்துக்கு ஆர்மைத் தூக்கிய பிறகுதான் இறுக்க வேண்டும்.

கொழும்பின் பழைய உதிரிச் சாமான் சந்தையான பஞ்சிகாவத்தையில் சாமான் தேடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆர்ம், நக்கிள், ஹப், பம்பர் மாதிரி இரும்பும் பிளாஸ்டிக்கும் அங்கே நல்லதாகக் கிடைக்கும். பழைய ஷொக் மட்டும் வாங்காதீர்கள். கழுவித் துடைத்து மினுக்கி வைத்திருப்பார்கள். கையால் அழுத்திப் பார்த்து ஷொக்கின் நிலையைச் சொல்ல முடியாது. பழைய பிரேக் பேட், பழைய டயர், இவையும் வேண்டாம்.

பிரேக்: வெப்பம்தான் கதை

கணக்கு எளிது. ஓட்டுநரோடு 1,300 கிலோ வரும் கார் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து நிற்கும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி சுமார் 0.18 மெகாஜூல். அதே கார் 160லிருந்து 60க்கு இறங்கும்போது 1.1 மெகாஜூல், அதாவது ஆறு மடங்கு. காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சந்தியில் ஒருதரம் நின்றால் வெள்ளவத்தை போய்ச் சேருவதற்குள் டிஸ்க் ஆறிவிடும். டிராக்கில் அடுத்த வளைவு சில நொடிகளில் வந்துவிடுகிறது, அதற்கடுத்ததும் அப்படியே, ஆற நேரமில்லை. கட்டுகுருந்த இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளமாக இருந்த இடம், தட்டையான நிலம், வேகத்தைக் குறைக்க மேடு எதுவும் உதவிக்கு வராது. முழுவதையும் பிரேக்தான் செய்ய வேண்டும்.

இந்த வெப்பம் இரண்டு விதமாகப் பிரேக்கைக் கெடுக்கும், இரண்டையும் காலாலேயே பிரித்தறியலாம். பெடல் கல்லு மாதிரி இறுக்கமாக இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்கவில்லை என்றால், டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் மெத்தென்று இறங்கித் தரைக்குப் போகிறது என்றால் ஒயில் கொதித்துவிட்டது. திரவத்தை அழுத்தினால் அது சுருங்காமல் விசையைக் கடத்தும், கொதித்து வரும் ஆவி சுருங்கும், அதனால்தான் பெடலில் ஒன்றும் இருக்காது. இரண்டாவது மிக ஆபத்தானது, முன்கூட்டியே பெரிதாக எச்சரிக்கையும் தராது.

பிரேக் ஒயில் காற்றிலிருந்து நீரை இழுக்கும், நீர் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். டொட் என்பது ஒயிலின் தரக் குறி. அதன்படி டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ், நீர் சேர்ந்தபின் 140. டொட் 4 என்றால் 230, 155. டொட் 5.1 என்றால் 260, 180. இரண்டாவது எண் 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் எடுப்பது. வருடம் முழுக்க ஈரக் காற்று உள்ள கொழும்பில் அந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் பார்ப்பேன். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதாக 300ஐத் தாண்டும், நீர் சேர்ந்த பிறகும் 200க்கு மேல் நிற்கும். எங்களுக்கு இது போதும். காஸ்ட்ரோல் எஸ்ஆர்எஃப் ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் அதற்கேற்றது. டொட் 5 என்று மட்டும் போட்டிருந்தால் அது சிலிக்கோன், இவற்றோடு கலக்கவே கூடாது. உடைத்த டின்னை மூடி வைத்து அடுத்த வருடம் பாவிக்கவும் வேண்டாம், மீதியை விட்டுவிடுங்கள்.

ஒயில் மாற்றும்போது வழக்கமாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தூரத்திலுள்ள சில்லில் தொடங்குவார்கள். இணையத்தில் காணும் காணொளிகள் பல இடப்பக்க ஸ்டியரிங் நாடுகளில் எடுத்தவை, பின் வலது சில்லில் தொடங்கச் சொல்வார்கள். நமக்கு மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம், தூரமானது பின் இடது. காரின் சேர்விஸ் புத்தகத்தில் வேறு வரிசை இருந்தால் அதுதான் சரி. ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் கலிப்பரில் ஒயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட, அதன்பிறகுதான் காலை எடுக்க வேண்டும். தாங்கியில் ஒயில் அடிமட்டத்துக்குப் போகவிட்டால் காற்று உள்ளே போய்விடும், ஏபிஎஸ் (சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. பெயின்டில் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அடுத்தது பேட். வீதியில் வருகிற சாதாரண பேட் டிராக் வெப்பத்தில் சில சுற்றுக்களிலேயே பிடியை இழக்கும். முழு ரேஸ் பேட் போட்டால் காலையில் குளிரில் பிடிக்காது, கத்தும், டிஸ்க்கைத் தின்னும், வேலைக்குப் போகிற காருக்கு அது பாதுகாப்பும் இல்லை. அதே காரில் வேலைக்கும் போகிறவர்களுக்கு பெரோடோ டிஎஸ்2500, புரொஜெக்ட் மியூ எச்சி பிளஸ் மாதிரி நடுத்தரமானவை சரி. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே வகை போடுங்கள். முன்னுக்கு மட்டும் கடினமான பேட் போட்டுப் பின்னுக்குப் பழையதை விட்டால் பிரேக்கின் சமநிலை குழம்பும்.

புதுப் பேட்டைப் படியவைக்க வேண்டும். பேட்டின் மெல்லிய படலம் ஒன்று டிஸ்க்கில் சீராக ஒட்டினால்தான் அது சொன்னபடி பிடிக்கும். வழக்கமான முறை, 100லிருந்து 20 வரை உறுதியாக மிதித்து, முழுக்க நிறுத்தாமல் விட்டு, மறுபடி வேகமெடுத்து எட்டுப் பத்துத்தரம் செய்வது, பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுவது. இதை அதிவேக நெடுஞ்சாலையில் செய்யாதீர்கள், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் ஏன் திடீரென்று மிதிக்கிறீர்கள் என்று தெரியாது. டிராக்கின் முதல் சில சுற்றுக்களை இதற்கென்று ஒதுக்குங்கள். பேட் கம்பனி வேறு முறை சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

டிஸ்க் விஷயத்தில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: துளையிட்டது வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் வெப்பத்தில் துளையின் விளிம்பிலிருந்துதான் வெடிப்பு ஓடத் தொடங்குகிறது. சாதாரணத் தட்டை டிஸ்க் நல்ல கம்பனியில் வாங்குங்கள், கூடிப்போனால் கோடு வெட்டியது. அடிக்கடி மாற்றவேண்டிய சாமான் இது, மலிவாகவும் திரும்பக் கிடைப்பதாகவும் இருக்க வேண்டும். இன்னொன்று, ஜப்பானிலிருந்து வந்த எல்லா 86லும் ஒரே பிரேக் இல்லை. ஜிடி கிரேடில் முன் டிஸ்க் 294 மி.மீ., ஜி கிரேடில் அதைவிடச் சிறியது. சாமான் ஓடர் பண்ண முதல் அளந்து பாருங்கள்.

அப்படியென்றால் அந்தப் பெரிய சிவப்புக் கலிப்பர்? ஒரே ஒருதரம் பிரேக் பிடிக்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர். உங்கள் பிரேக் ஏற்கெனவே ஏபிஎஸ்ஸை வேலைசெய்ய வைக்கிறது என்றால் அதற்கு மேல் பலம் கூட்டிப் பயனில்லை. பெரிய பிரேக் தருவது வெப்பத்தைத் தாங்கும் கொள்ளளவு. அது தேவையா என்று ஊகிக்க வேண்டாம், வெப்பப் பெயின்ட் வாங்கி டிஸ்க்கின் விளிம்பில் பூசி ஓட்டிப் பாருங்கள். மூன்று நிறத்தில் வரும் ரேஸிங் பெயின்டில் பச்சை 430, செம்மஞ்சள் 560, சிவப்பு 610 பாகையில் நிறம் மாறும். செம்மஞ்சள் மாறாமல் இருந்தால் நல்ல ஒயிலும் பேட்டுமே உங்களுக்குப் போதும். சிவப்பும் மாறிவிட்டால் முதலில் முன் பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுவுக்குக் குழாய் போட்டுக் காற்றுக் கொடுங்கள். அதற்குப் பிறகும் சூடு குறையவில்லை என்றால்தான் பெரிய கிட். முன்னுக்கு மட்டும் பெரிய கிட் போட்டால் பிரேக் முன்பக்கம் சாயும், பின் பிரேக் சும்மா இருக்கும், சில கார்களில் நிற்கும் தூரம் கூடியும்விடும். உங்கள் காருக்கென்றே கணக்குப் பார்த்துச் செய்த கிட்டாக இருக்க வேண்டும்.

ஸ்டீல் பின்னல் ஹோஸ் போடலாம், பழைய றப்பர் ஹோஸ் எப்படியும் மாற்ற வேண்டிய வயதில்தான் இருக்கும்.

டயர், பிறகு ரிம்

86 பல சந்தைகளில் 215/45 17 (அகலம் 215 மி.மீ., பக்கச் சுவர் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம்) அளவில் மிஷலின் பிரைமசி எச்பி டயரோடு வந்தது. பிரியஸின் ஒரு வகையிலும் அதே டயர்தான் போட்டார்கள். அதில் ஓட்டிப் பழகுவது நல்லது, மெதுவான வேகத்திலேயே கார் வழுக்கும், எப்படி வழுக்குகிறது என்று கற்றுக்கொள்ளலாம். முதல் நாளுக்கு வீதி டயரே போதும் என்பது என் உறுதியான எண்ணம். கை பழகிய பிறகு யொக்கஹாமா நியோவா, நன்காங் என்எஸ்-2ஆர், ஃபெடரல் 595 மாதிரி வீதியிலும் ஓட்டக்கூடிய ஒட்டும் டயருக்குப் போகலாம். டயர் நன்றாக ஒட்டத் தொடங்கினால் பிரேக்கிலும் பெயாரிங்கிலும் புஷ்ஷிலும் சுமை கூடும். அதனால்தான் மேலே சொன்ன வேலைகள் முன்னுக்கு வருகின்றன.

கொழும்பில் டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கட்டை (தரையில் படும் பள்ளக் கோடுகள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வயது போன டயர் இறுகிவிடும், டிராக்கில் துண்டு துண்டாகக் கழலும். ஜப்பானில் கழற்றி வந்த பழைய டயர்கள் இதனால்தான் எனக்கு ஒத்துவராது.

ரிம் வாங்குவதில் 17 அங்குலத்தைத் தாண்டாதீர்கள். பெரிய ரிம் பாரம், பெரிய அளவு டயர் விலை, மெல்லிய பக்கச் சுவர் கொழும்புக் குழியில் ஒருதரம் விழுந்தால் ரிம்மும் நெளியும். சில்லின் பாரம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் பாரம், அது குறைந்தால் ஷொக்குக்கு வேலை குறையும், டயர் தரையோடு ஒட்டியே இருக்கும். 8 அங்குல அகலத்தில் ஏழரைக் கிலோவுக்குள் நல்ல ரிம் உண்டு. வார்ப்பு ரிம்மில் நம்பிக்கையான கம்பனி, முடிந்தால் அடித்துச் செய்த ரிம். ஜப்பான் ரிம்மில் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற தரக் குறிகளைத் தேடுங்கள். பிரபல ரிம்மின் தோற்றத்தைப் பார்த்துச் செய்த போலிகள் சந்தையில் நிறைய, குறியையும் சேர்த்தே போலியாக அடிக்கிறார்கள், அதனால் விலை நம்ப முடியாமல் மலிவாக இருந்தால் விட்டுவிடுங்கள். வெடித்து ஒட்டவைத்த ரிம்மை டிராக்குக்கு எடுக்கவே கூடாது.

86க்கு 5 நட், 100 மி.மீ. வட்டம், நடுத் துளை 56.1 மி.மீ. ஒரிஜினல் ரிம் 7 அங்குல அகலம், ஒஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பதியும் முகத்துக்கும் உள்ள தூரம்) 48 மி.மீ. இப்போது 8 அங்குலம், ஒஃப்செட் 45 ரிம் ஒன்று பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். அகலம் ஒரு அங்குலம் கூடுவதால் இரு பக்கமும் 12.7 மி.மீ. போகும், ஒஃப்செட் 3 குறைவதால் அந்த 3 வெளிப்பக்கம் சேரும். ஆக வெளியே 15.7, உள்ளே ஷொக் பக்கம் 9.7. இந்த இரண்டு இடைவெளியும் உங்கள் காரில் இருக்கிறதா என்று அளந்துவிட்டுக் காசு கொடுங்கள். அதில் 225/45 போடலாம், கொஞ்சம் உயரம் கூடும். 9 அங்குலத்துக்குப் போனால் 245/40 ஒரிஜினல் டயரின் விட்டத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும், ஆனால் ஃபெண்டரில் உரசும் வேலை தொடங்கும்.

நடுத் துளை பெரிய ரிம் என்றால் வளையம் வேண்டும், அலுமினிய வளையம் எடுங்கள், பிளாஸ்டிக் டிராக் சூட்டில் இளகும். நட் 12 மி.மீ. தடிப்பு, 1.25 புரி. வேறு டொயோட்டாக்களின் நட் 1.5 புரி, மாறிப் பூட்டினால் ஸ்டட் நாசம், இதைக் கராஜில் ஒருதரம் சொல்லியே விடுங்கள். ஹொண்டாக்காரர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஹொண்டாவின் ஒரிஜினல் நட் உருண்டை அடி, வெளி ரிம்களுக்கு வேண்டியது கூம்பு அடி. இறுக்கும்போது காற்றுத் துப்பாக்கி வேண்டாம், டோர்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர்.

அலைன்மென்ட்டும் ஷொக்கும்

கொயிலோவர் வாங்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள், அதில் ஒரு சிறு பங்குச் செலவில் அலைன்மென்ட் பெரிய மாற்றம் தரும். 86இன் முன்பக்கக் கேம்பர் (சில்லு உள்ளே அல்லது வெளியே சாய்ந்து நிற்கும் கோணம், மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் மைனஸ்) ஒரிஜினலில் கிட்டத்தட்டப் பூச்சியம். வளைவில் கார் சாயும்போது முன் டயர் வெளித்தோளில் ஏறி நின்று அதை மட்டும் தேய்க்கும். கேம்பர் போல்ட் ஒரு ஜோடி போட்டால் மைனஸ் ஒன்றரைப் பாகையைத் தொடலாம், சரிசெய்யக்கூடிய மேல் மவுண்ட் இருந்தால் மைனஸ் இரண்டு, இரண்டரை. பின்னுக்கு மைனஸ் ஒன்றரை அளவில் வையுங்கள், அங்கே கேம்பர் திருப்ப ஒரிஜினலில் வசதி இல்லை, காரைப் பதிக்கும்போது (உயரத்தைக் குறைக்கும்போது) கொஞ்சம் தானாக வரும், மேலும் வேண்டுமென்றால் வேறு ஆர்ம் போட வேண்டும். டோ என்பது சில்லுகளின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ நோக்கும் அளவு: முன் டோ பூச்சியம், பின் டோ மிகச் சிறிது உள்நோக்கி. பின்பக்கம் வெளிநோக்கிய டோவோடு யாரும் டிராக்கில் இறங்க வேண்டாம், பின்பக்கம் திடீரென்று சுற்றிக்கொண்டு வரும்.

அலைன்மென்ட் கடையில் பெரும்பாலும் முன் டோவை மட்டும் திருப்பிவிட்டு எல்லாம் பச்சையில் இருக்கிறது என்பார்கள். உங்களுக்கு வேண்டியது ஒரிஜினல் எல்லைக்கு வெளியே, திரையில் சிவப்பாகத்தான் தெரியும். எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஆளோ மூட்டையோ வைக்கச் சொல்லுங்கள், முடிவில் பிரின்ட் வாங்குங்கள்.

இனிக் கொயிலோவர். நம் ஆட்கள் இதை வாங்குவது காரைப் பதிக்கத்தான் என்று எனக்குத் தெரியும், டிராக்கில் அதுதான் முதல் கேடு. 86க்கு முன்னால் மக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷொக்கே சில்லை மேலே தாங்கிப் பிடிக்கும் அமைப்பு. காரைப் பதிக்கப் பதிக்கக் கீழ் ஆர்மின் சில்லுப் பக்கம் மேலே ஏறிப்போகும். அப்போது காரின் எடை மையம் இறங்கியதைவிட உருளும் மையம் (கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) கூடுதலாக இறங்கும், அதனால் பதித்த கார் குறைவாகச் சாய்வதற்குப் பதில் கூடுதலாகச் சாயப் பார்க்கும். கூடவே ஷொக்கின் ஓட்டம் குறைந்து பம்ப் ஸ்டொப்பில் இடிக்கும், இடித்த கணத்தில் அந்தச் சில்லு பிடியை விட்டுவிடும். ஒரிஜினலைவிட 20, 25 மி.மீ. இறக்கினால் போதும், கீழ் ஆர்ம் கிடையாகவோ சில்லுப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தோ இருக்க வேண்டும். உங்கள் ஒழுங்கையின் வேகத்தடையிலும் அடி தட்டாது.

ஸ்பிரிங் விஷயத்தில் இரும்பு மாதிரி இறுக்கமானதைத் தேடாதீர்கள். வீதி டயரோடும் நம் டிராக்கின் மேடு பள்ளத்தோடும் முன்னுக்கு மி.மீ.க்கு 5, 6 கிலோ தாராளம். ஸ்பிரிங்கை இறுக்கித்தான் உயரம் மாற்றக்கூடிய மலிவு செட் வேண்டாம். ஷொக்கின் உடல் நீளத்தால் உயரம் மாறும் செட்டை எடுங்கள், அப்போது உயரத்தை மாற்றினாலும் ஷொக்கின் ஓட்டம் கெடாது. உதிரிச் சாமான் தனித்தனியாக வாங்க முடியுமா, சீல் போனால் திருப்பிக் கட்டித் தருவார்களா என்று வாங்க முதலே கேளுங்கள், பார்சல் வந்து சேர்கிற நேரமும் தீர்வையும் வைத்துப் பார்த்தால் இங்கே அதுதான் பெரிய கேள்வி.

ஷொக்கின் திருகை மென்மையான பக்கத்திலிருந்து தொடங்கி இரண்டிரண்டு கிளிக்காக ஏற்றுங்கள். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதையும் உணர்ந்ததையும் அப்போதே எழுதி வையுங்கள். பிடி கூடுகிறதா என்பதை இருக்கையில் படும் இறுக்கத்தால் அளக்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள், டயரின் மேற்பரப்பைப் பாருங்கள். ஆன்டி ரோல் பார் (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) எல்லாம் இதற்குப் பிறகு யோசிக்கிற விஷயம்.

ஓடும் நாள்

உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை முன்கூட்டியே வாசியுங்கள், பெரும்பாலானவை பந்தயத்தையும் வேக ஓட்டத்தையும் விலக்கியே வைத்திருக்கும். வீட்டிலிருந்து கிளம்ப முன் காருக்குள் கழன்று கிடக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், தண்ணீர்ப் போத்தல் ஒன்று பிரேக் பெடலுக்குக் கீழே உருண்டால் அவ்வளவுதான். கொண்டுபோக வேண்டியவை: ஹெல்மட், இழுக்கும் கொக்கி, டோர்க் ரெஞ்ச், டயர் கேஜ், 12 வோல்ட் பம்ப், ஒரு மூடிய ஒயில் டின், உங்கள் காரில் கழற்றிய பழைய பேட் செட் ஒன்று. தென்மேற்குப் பருவம் நடக்கும் மே முதல் செப்டம்பர் வரை களுத்துறைப் பக்கம் மழை எப்போதும் வரலாம், கட்டை தேய்ந்த ஒட்டும் டயரில் நனைந்த டிராக்கில் இறங்க வேண்டாம்.

டயரைக் குளிரில் 28 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். ஓடி வந்ததும் அளந்தால் ஏறியிருக்கும், சூட்டில் 33, 34 அளவில் நிற்கும்படி காற்றை விடுங்கள். டயரின் தோளில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டால் எதுவரை உருண்டு தேய்கிறது என்று தெரியும், பக்கச் சுவர்வரை அழிந்திருந்தால் காற்றுக் குறைவு. திரும்பக் கொழும்புக்கு ஓட்ட முன் மறுபடி நிரப்ப மறக்க வேண்டாம், டயர் ஆறியதும் காற்று மிகக் குறைந்துவிடும்.

முதல் ஓட்டம் ஐந்தாறு சுற்றுக்குள் முடியட்டும். கடைசிச் சுற்றைப் பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டிக் காற்றில் ஆறவிடுங்கள். நிறுத்தியதும் பெடலை மிதித்துக்கொண்டே இருக்காதீர்கள், ஹேண்ட்பிரேக்கும் போடாதீர்கள், சூடான பேட் ஒரே இடத்தில் டிஸ்க்கோடு ஒட்டி அடுத்த ஓட்டத்தில் ஸ்டியரிங் நடுங்கும். கியரில் விட்டு சில்லுக்கு ஆப்பு வையுங்கள். ஆறியதும் நட்டுகளை மறுபடி டோர்க் பண்ணுங்கள், பெடல் முன்பைவிட இறங்குகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் இறங்கினால்கூட ஒயிலை ஓட்டி வெளியே எடுத்த பிறகுதான் அடுத்த ஓட்டம், தோழர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகி மக்கள் நின்ற இடத்துக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள். பாதைக்கு வெளியே எப்போதும் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே காரைத் தயார்செய்யுங்கள்.

மறுநாள் காலையில் சில்லுகளைக் கழற்றிப் பேட்டின் தடிப்பு நான்கிலும் ஒன்றா, டிஸ்க்கில் முடிபோன்ற வெடிப்பு ஓடியிருக்கிறதா, கலிப்பரின் தூசு றப்பர் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். வெடிப்பு டிஸ்க்கின் வெளி விளிம்புவரை வந்திருந்தால் அந்த டிஸ்க்கில் வேலைக்குக்கூடப் போக வேண்டாம். நிறம் கறுத்த ஒயிலை அந்தக் கிழமைக்குள் மாற்றிவிடுங்கள்.